'நோ டிஸ்க்' என்று நிற்கும் பழைய சிடி பிளேயரை வீட்டிலேயே சரிசெய்ய

என் மாமா 1990களின் தொடக்கத்தில் சென்னை பர்மா பஜாரில் வாங்கிய சிடி பிளேயர், தண்டையார்பேட்டை வீட்டில் பல வருடம் துணி போர்த்தியபடி கிடந்தது. சிடியைப் போட்டால் ட்ரே உள்ளே போகும், கொஞ்ச நேரம் ஏதோ முனகும், அப்புறம் 'நோ டிஸ்க்' என்று காட்டும். ஒரு கடையில் கொடுத்தோம். திறந்துகூடப் பார்க்காமல் "லென்ஸ் போயிடுச்சு, இனிமே வராது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் டிவி பழுதுபார்க்கும் அண்ணன்தான், "லென்ஸ மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தபா பெல்ட்ட பாரு தம்பி" என்றார்.

பார்த்தேன். ட்ரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. ட்ரே உள்ளே வந்த பிறகு சிடியைக் கவ்விப் பிடிக்கும் பகுதி முழுதாக மேலேறவில்லை. சிடி தன் இடத்தில் உட்காராததால் லென்ஸுக்கு அது எட்டவே இல்லை. பெல்ட்டை மாற்றினேன், பாட்டு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு உறவினர்கள், நண்பர்கள் வீட்டிலிருந்து வந்த பிளேயர்களையும் திறந்து பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பாகம் வாங்காதீர்கள். பிளேயர் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிளேயர் ஏறும் படிகள்

சிடியை வைத்துப் பொத்தானை அழுத்தியதும் பிளேயர் ஒரே வரிசையில்தான் வேலை செய்யும். ட்ரே உள்ளே போகும். சிடி மேலும் கீழும் கவ்வப்படும். லென்ஸ் இருக்கும் வண்டி சிடியின் நடுப்பக்கமாக நகரும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை அசைந்து சிடியின் பரப்பைத் தேடும். பரப்பு கிடைத்துவிட்டால் மோட்டார் சிடியைச் சுழற்றும். சிடியின் உள் ஓரத்தில் இருக்கும் பாடல் அட்டவணையைப் படித்து, எத்தனை பாட்டு, மொத்தம் எவ்வளவு நேரம் என்று முகப்பில் காட்டும். அப்புறம்தான் முதல் பாட்டு.

கிராமஃபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். உள் ஓரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்தில் சுமார் 200 சுற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எந்தப் படி வரை போய் நிற்கிறதோ, கோளாறு அந்தப் படியிலோ அதற்கு முந்தியதிலோதான் இருக்கும். ட்ரேயே நகராத பிளேயருக்கு லென்ஸ் வாங்குவதில் பயனில்லை. சிடி நன்றாகச் சுழன்று பாடல் எண்ணிக்கையும் காட்டிவிட்டால் லேசர் உயிரோடு இருக்கிறது என்று நிம்மதி அடையலாம்.

திறப்பதற்கு முன்

பின்பக்கத்தில் மின்னழுத்தம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவற்றில் 100 வோல்ட் என்றிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில் 120 வோல்ட். அவற்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். கப்பலில் போய்வந்தவர்களும் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களும் கொண்டுவந்த பிளேயர்கள் வடசென்னை வீடுகளில் நிறைய உண்டு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். சிலவற்றில் பின்னால் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது 220 அல்லது 240 பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிளேயரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சில பழைய பிளேயர்களில், கொண்டுசெல்லும்போது உள்ளே ஆடாமல் இருக்க ஒரு பூட்டுத் திருகு வைத்திருப்பார்கள். வீடு மாறும்போது யாரோ முடுக்கிவிட்டு மறந்திருக்கலாம். அதைத் தளர்த்தினாலே வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

சோதிக்கக் கம்பெனி சிடியையே பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டரில் ரைட் செய்த சிடி வேண்டாம். கம்பெனி சிடியைவிட அதில் ஒளி குறைவாகவே திரும்பும். அழித்து எழுதும் வகையில் மிகவும் குறைவு. 1980களின் பிளேயர் பல அதைப் படிக்காது, அது பிளேயரின் குற்றமும் இல்லை. சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டு ஓடும் திசையிலேயே விழுந்து நீளமாகக் கெடுக்கும்.

கையில் வேண்டியவை

நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், மல்டிமீட்டர், மெல்லிய பிரஷ், காற்றை அழுத்தி ஊதும் ரப்பர் புளோயர், நல்ல பட்ஸ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை கிரீஸ் கொஞ்சம், இடுக்கி. ஆல்கஹால் 99 சதவீதம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சானிடைசர் கூடாது, அதில் சேர்த்திருக்கும் கிளிசரின் லென்ஸில் படலமாக ஒட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக் லென்ஸைக் கரைத்துவிடும்.

திருகுகளுக்கு இட்லித் தட்டைப் போல வசதியானது வேறில்லை. மூடித் திருகுகள் முதல் குழியில், ட்ரே திருகுகள் இரண்டாவதில் என்று கழற்றிய வரிசையில் போடுங்கள். நீளமான திருகைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் அடியில் இருக்கும் போர்டைக் குத்தும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். ஒயர் எந்தப் பக்கமாகப் போனது என்பது மூன்று நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பாகங்களுக்குச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருதான். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கிய பெல்ட் எனக்கு ஒருமுறையும் பொருந்தியதில்லை.

மின்சாரமும் லேசரும்

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. சில நிமிடம் காத்திருங்கள். பழைய சிடி பிளேயர்களில் பெரும்பாலும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், அதற்குப் பிறகு வரும் மின்னழுத்தம் குறைவு. ஆனால் மின்கம்பி நுழையும் இடம், பவர் சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் நுழையும் பக்கம் ஆகிய மூன்றிலும் முழு 230 வோல்ட் இருக்கும். மூடி திறந்த நிலையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டி வரும், அப்போது கை அந்தப் பக்கம் போகவே கூடாது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். டிவிடி பிளேயரைத் திறக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

சிடி லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம், அகச்சிவப்பு. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, பக்கவாட்டில் மங்கிய சிவப்புப் புள்ளியாக மட்டும் தெரியலாம். மங்கலாக இருப்பதால் பலவீனம் என்று நினைத்து நேராக உற்றுப் பார்த்துவிடாதீர்கள். எரிகிறதா என்று பார்க்க ஓர் அடியாவது தள்ளி, சாய்வாகப் பாருங்கள். செல்போன் கேமராவில் பார்ப்பது இன்னும் நல்லது, பல போன்களில் அது ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

முதலில் ட்ரேயும் பெல்ட்டும்

ட்ரே வெளியே வராமல் உள்ளே மோட்டார் சத்தம் மட்டும் கேட்டால் பெல்ட்தான். வருகிறது, ஆனால் விரலால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்றாலும் பெல்ட்தான். மாமாவின் பிளேயர்போல ட்ரே ஒழுங்காகப் போவதாகத் தோன்றி, கடைசியில் கவ்வும் இடத்தில் மட்டும் சறுக்குவதும் உண்டு. மூடி திறந்த நிலையில் அந்தக் கடைசி அரை அங்குலத்தைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

மின்சாரம் இல்லாமல் ட்ரேயைத் திறக்க, முன்பக்கம் உள்ள புல்லியையோ (பெல்ட் ஓடும் சக்கரம்) பற்சக்கரத்தையோ விரலால் மெல்லச் சுற்றுங்கள். ட்ரேயைப் பிடித்து இழுத்தால் பல் உடையும். பழைய பெல்ட்டை இடுக்கியால் எடுங்கள். சில பெல்ட்டுகள் தார்போல உருகி ஒட்டியிருக்கும், கையில் பட்டால் சீக்கிரம் போகாது. புல்லியின் பள்ளத்தை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் பளபளப்பாகும்வரை துடையுங்கள். புது பெல்ட்டைப் போட்டும் வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் இந்தத் துடைப்பை விட்டிருப்போம்.

பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும் என்பதால், அதைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் சிறியதை வாங்குங்கள். குறுக்குவெட்டும் கவனியுங்கள். சதுரமா, தட்டையா, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து அதையே கேளுங்கள். மிக இறுக்கமானது மோட்டாரின் அச்சைத் தேய்க்கும். காய்கறிக் கடை ரப்பர் பேண்ட் ஒரு வாரம் ஓடும், அப்புறம் இந்தக் கடல் ஈரத்தில் பிசுபிசுத்து வேலையை இரட்டிப்பாக்கும்.

அடுத்து லென்ஸ்

முதலில் புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் படும். அப்புறம் ஒரு பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, உதறி, ஈரம் மட்டும் இருக்கும்படி செய்து, லென்ஸின் மேல் அழுத்தமே இல்லாமல் இரண்டு சுற்று. லென்ஸ் மயிரிழைக் கம்பிகளிலோ மெல்லிய தகடுகளிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்ஸின் எடையே போதும். உலர்ந்த பட்ஸால் இன்னொரு சுற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலச் சாயலோடு தெளிவாக மின்ன வேண்டும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் லென்ஸின் மேல் மங்கிய வெள்ளைப் படலம் பார்த்திருக்கிறேன். தூசிபோல எளிதில் வராது. புதிய பட்ஸ் மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை துடைக்க வேண்டும். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள், தேய்த்தால் லென்ஸில் கீறல்தான் விழும். எண்ணூர், மணலிப் பக்கத்துப் பிளேயர்களுக்குள் கரிய பொடி அதிகம். அங்கே லென்ஸைத் தொடும் முன் உள்ளே முழுவதையும் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் துடைத்த லென்ஸின் மேலேயே மறுபடி உதிரும்.

லென்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் போர்டில், கடுகளவு திருகு ஒன்று இருக்கும். லேசரின் சக்தியை அதில்தான் கம்பெனியில் அளந்து வைத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். 'கொஞ்சம் திருப்பினால் படிக்கும்' என்று பலர் சொல்வார்கள், படிக்கவும் செய்யும். நானும் ஒருமுறை திருப்பினேன். இரண்டு நாள் அருமையாகப் பாடியது, மூன்றாவது நாள் லேசர் எரிந்தே போனது. நன்றாக இருந்த ஒரு பாகத்தை நானே கொன்றேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

வண்டி ஓடும் பாதை

முதல் ஐந்து பாட்டு நன்றாகப் பாடி, கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவுகிறதா? லென்ஸைச் சந்தேகப்படும் முன் அது நகரும் தண்டவாளத்தைப் பாருங்கள். முப்பது வருடத்துக் கிரீஸ் மெழுகுபோல இறுகியிருக்கும். பட்ஸில் ஆல்கஹால் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, புதுக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுதான். பற்சக்கரத்தை விரலால் சுற்றி வண்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் திணறக் கூடாது. திணறும் இடத்தில் பற்களுக்கு நடுவே குப்பையோ, உடைந்த பல்லோ இருக்கும்.

வண்டி உள் ஓரத்துக்கு வந்து கடகடவென்று இடித்துக்கொண்டே இருந்தால், அங்கிருக்கும் சின்னச் சுவிட்சைப் பாருங்கள். 'வந்துவிட்டேன்' என்று சொல்லும் சுவிட்ச் அது. உப்புக்காற்றில் அதன் முனைகள் கறுத்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த காகித நறுக்கை இரண்டு தகடுகளுக்கும் நடுவே வைத்து இழுத்தால் போதும்.

பிலிப்ஸின் சிடிஎம் 1, 2, 4 என்ற பழைய லென்ஸ் பாக வகைகளில் தண்டவாளமே கிடையாது. கிராமஃபோன் கைபோல ஒரு கை வளைவாக ஆடும். அதற்குக் கிரீஸ் தேவையில்லை, போடவும் கூடாது.

சுழற்றும் மோட்டார்

லென்ஸ் ஆடுகிறது, லேசரும் எரிகிறது, ஆனால் சிடி சுழலத் தயங்குகிறது அல்லது பாடல் எண்ணிக்கையைக் காட்டத் திணறுகிறது என்றால் மோட்டாரைப் பாருங்கள். மேலே சொன்னபடி உள் ஓரத்தில்தான் வேகம் அதிகம், களைத்துப்போன மோட்டார் அங்கேதான் தோற்கும். இரண்டே கம்பி உள்ள சாதாரண மோட்டாராக இருந்தால், அதன் இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒற்றை 1.5 வோல்ட் பேட்டரியில் இந்தப் பக்கம் ஒரு நிமிடம், அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சுழலவிடுங்கள். உள்ளே படிந்த கரி விலகிப் பல மோட்டார்கள் எழுந்துகொள்ளும். இது சில மாதம் தாங்கலாம், சில வருடமும் தாங்கலாம். அதிகக் கம்பிகள் உள்ள மோட்டாருக்கு இந்த வைத்தியம் ஆகாது. சிடி உட்காரும் தட்டை மட்டும் நெம்பி எடுக்காதீர்கள், அதன் உயரம் ஒரு நூலளவு மாறினாலும் லென்ஸால் பரப்பைப் பிடிக்க முடியாது.

கேபிளும் போர்டும்

லென்ஸுக்குப் போகும் ரிப்பன் கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, மறுபடி செருகுங்கள். கடலோர ஊரில் இது ஒன்றே பலமுறை குணமாக்கிவிடும். கழற்றும் முன் கனெக்டரில் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதைத் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

பாட்டு ஒரு பக்கம் மட்டும் கேட்டால், பின்னால் உள்ள ஆடியோ சாக்கெட்டுகளின் பற்றவைப்பு விண்டிருக்கலாம். 25 வாட் சால்டரிங் அயனால் சூடாக்கிக் கொஞ்சம் ஈயம் சேர்த்தால் சரியாகும். 'ஊம்' என்று இரைச்சல் வந்தால் பவர் சப்ளை கெபாசிட்டர்கள் உலர்ந்திருக்கலாம். புதிதாகப் போடுவது அதே மைக்ரோ ஃபேரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி வகையாக இருக்க வேண்டும். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும். பற்றவைத்தே பழக்கமில்லை என்றால் முதலில் ஒரு பழைய ரேடியோ போர்டில் பழகிவிட்டு வாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸ் ஒருமுறை மட்டும் மாற்றிப் பாருங்கள். மறுபடி போனால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நனைந்த பிளேயரை இன்னும் வைத்திருந்தால், ஓடுகிறதா என்று செருகிப் பார்க்கவே வேண்டாம். திறந்து சேற்றைத் துடைத்து, போர்டுகளை ஆல்கஹாலால் பிரஷ் செய்து, பல நாள் நிழலில் உலர்த்திய பிறகே மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் நனைந்திருந்தால் வீட்டில் முயலாதீர்கள்.

கடைசியாகத்தான் புது லென்ஸ்

இத்தனையும் செய்து, லேசர் எரியவில்லை அல்லது எரிந்தும் படிக்கவில்லை என்றால் அப்போது மாற்றலாம். ரிச்சி தெருவில் 'லென்ஸ்' என்று கேட்டால் லேசர், லென்ஸ், சுருள் எல்லாம் சேர்ந்த முழுப் பாகத்தையே சொல்வார்கள். அதன் அடியில் எண் அச்சிட்டிருக்கும். சோனியின் கேஎஸ்எஸ் 213, கேஎஸ்எஸ் 240, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் போன்ற எண்கள் பல கம்பெனி பிளேயர்களில் இருக்கும், முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. எண்ணின் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். மலிவான நகல்களும் நிறைய உண்டு. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

லேசர் நிலைமின்சாரத்தில் சாகும். நம் ஊர் ஈரக்காற்றில் அது குறைவுதான், ஆனாலும் தொடும் முன் எர்த் ஆன ஒரு உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். புது லென்ஸ்கள் பலவற்றில், பாதுகாப்புக்காக லேசரின் இரண்டு முனைகளையும் ஒரு துளி ஈயத்தால் இணைத்து வைத்திருப்பார்கள். கேபிளைச் செருகிய பிறகு அந்தத் துளியை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் லேசர் எரியாது, புதுப் பாகமே கெட்டது என்று நினைத்துத் திரும்ப ரிச்சி தெருவுக்கு அலைவீர்கள்.

மூடுவதற்கு முன்

எழுபது நிமிடம் ஓடும் ஒரு சிடியை முழுதாகப் போட்டுக் கேளுங்கள். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் தாவாமல் வர வேண்டும். பிளேயர் சூடான பிறகு இன்னொரு முறை போடுங்கள், சில கோளாறுகள் சூட்டில்தான் தலைகாட்டும். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது பாடவிடுங்கள், சும்மா கிடந்தால் பெல்ட் ஒரே இடத்தில் வளைந்து இறுகும். ஓடி முடித்ததும் சூடு ஆறிய பிறகே துணி போர்த்துங்கள்.

ஒரு சின்னத் தாளில் தேதி, பெல்ட்டின் அளவு, லென்ஸ் எண், எதைத் துடைத்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்குங்கள். மாமாவின் பிளேயரில் நான் ஒட்டிய தாளில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. மூன்றும் பெல்ட்தான்.